எடைக்கு ஒரு டம்ளர்

அவருக்கு எதையும் கொடுக்க முடியாது. பீடியை நீட்டினால் தன் பீடியைக் காட்டுவார். நெருப்பை நீட்டினால் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கிக் காட்டுவார். மழை பெய்யும்போது என் கடைக்குள் வரச் சொன்னால், "அது வராதே" என்று குதிரையைக் கைகாட்டிவிட்டு அதோடு சேர்ந்து புளியமரத்தடியில் நனைவார். வடக்குப்பட்டில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. குதிரைக்காரர் என்றால் போதும். ஊரில் இருந்தது ஒரே குதிரை.

நான் அப்போது ஒரகடம் கூட்டுரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஏழாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பதில் எனக்கும் வாத்தியாருக்கும் இன்னும் தகராறு. பஞ்சர் ஒட்டின நேரம் போக மீதி நேரம் முழுக்கப் போகிறவன் வருகிறவனை வம்புக்கிழுப்பதுதான் என் தொழில். குதிரைக்காரரை ஒரு டீயாவது வாங்கிக் குடிக்க வைக்கிறேன் என்று கூட்டாளிகளிடம் பந்தயம் கட்டிப் பல தடவை தோற்றிருக்கிறேன்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது சிக்குவார் என்று நினைத்தேன். ஊரே சொம்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. அவரும் வந்தார். வீட்டில் தானே காய்ச்சின கூழை ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து பெரிய அண்டாவில் ஊற்றினார். பிறகு அதே சொம்பில் வாங்கிக்கொண்டார்.

"இன்னாண்ணா, ஆத்தாகிட்ட கூடவா சும்மா வாங்கக் கூடாது?"

"கேட்டா குடுப்பாங்கடா. அதான் பேஜாரு" என்றார்.

அந்த வார்த்தையை அடிக்கடி சொல்வார். கேட்டால் கொடுக்காவிட்டால் அல்லவா பேஜார் என்று நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

குதிரை என்றதும் ராஜா ஏறுகிற குதிரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். விலா எலும்பு தெரிகிற ஒரு செவலைப் பெட்டை. ஒரு காலத்தில் மெட்ராஸில் ரேஸ் ஓடினது. அங்கே லாயத்தில் அதற்குத் தீனி வைத்து, உடம்பு தேய்த்து, காலையில் நடத்திக் கூட்டிப்போகிற வேலை இவருக்கு. ஒரு கோடையில் அதற்கு வேர்ப்பது நின்றுபோனது. ஓடிவிட்டு வந்தால் மற்ற குதிரைகள் சோப்பு நுரை பூசின மாதிரி நிற்குமாம். இது மட்டும் காய்ந்த வறட்டி மாதிரி நிற்கும். உள்ளே கொதிக்கும், வெளியே ஒரு சொட்டு வராது. மூக்கு இரண்டும் கொல்லன் துருத்தியாக அடித்துக்கொள்ளும். ரேஸ் குதிரைகளுக்கு வருகிற சீக்குதான் என்பார். கோடைக்கு அவற்றை ஊட்டிக்கு ஏற்றும்போது இதற்கும் கொஞ்சம் வேர்த்ததாம். கீழே இறங்கினதும் மறுபடி நின்றுவிட்டது. வேர்க்காத குதிரையை மெட்ராஸ் வெயிலில் வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? கழித்துவிட்டார்கள். அவர் வேலையை விட்டுவிட்டு அதன் கயிற்றைப் பிடித்து ஊருக்கு நடந்தே வந்துவிட்டார்.

வந்த இரண்டாவது வருஷம், கத்திரி வெயிலில் அது கீழே விழுந்தது. ஏரியில் தண்ணீர் வற்றியிருந்தது. கிணற்றடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து அதன் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுத் தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடத்தோடு ஓடி வந்தார்கள். எங்கம்மாவும் போனாள்.

"வேணாம்மா. நானே ஊத்திக்கிறேன்" என்றார்.

அவர்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். அவர் மட்டும் கிணற்றுக்கும் குதிரைக்கும் ஓடினார். பொழுது சாய்கிறவரை ஓடினார். குதிரை எழுந்து நின்றது. அவர் உட்கார்ந்துவிட்டார். எங்கம்மா வீட்டுக்கு வந்து குடத்தை டொக்கென்று வைத்து, "அப்படி இன்னா வீம்பு அந்தாளுக்கு? தண்ணிதானே!" என்று என்னைத் திட்டினாள். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அந்த மழைக்காலத்தில்தான் அவர் ஜவ்வாது மலைக்குப் போகிற திட்டத்தைப் போட ஆரம்பித்தார். இன்னொரு கத்திரியை அது தாங்காது. வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும். லாரியில் ஏற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். லாரி என்றால் யாரையாவது கேட்க வேண்டும். அதனால் நடை. தார் ரோட்டில் லாடம் வழுக்கும், ஹாரனுக்கு மிரளும், அதனால் ஏரிக்கரை வழியாகத்தான் நடை. வழியில் எவன் வாசலிலும் நிற்கக் கூடாது. சோறு, தீனி, தண்ணீர், படுக்கை எல்லாம் கூடவே வர வேண்டும்.

வழியை ஊர் பேரில் சொல்ல மாட்டார், ஏரி பேரில் சொல்வார். பங்குனியில் தண்ணீர் உள்வாங்கினால் ஏரிக்குள் பச்சைப்புல் முளைத்திருக்கும், குதிரைக்குத் தீனி ஆச்சு. தென்னேரியில் ஒரு நாள் தங்கல். பாலாற்று மணலைத் தோண்டினால் ஊற்று. அப்புறம் செய்யாறு பக்கம் சின்னச் சின்ன ஏரிகளாகத் தாண்டி, ஆரணி, போளூர், மலை. குதிரை மேல் ஏற மாட்டார். "மூட்டை அதுக்கு, ரோடு எனக்கு" என்பார்.

மூட்டை கட்டுவதில்தான் எனக்கு நல்ல டமாஷ் கிடைத்தது. என் கடை எதிரே புளியமரக் கிளையில் ஒரு கடப்பாரையை நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதன் இரண்டு முனையிலும் இரண்டு சாக்குப் பை. இந்தப் பையில் ஒன்று வைத்தால் அந்தப் பையில் அதே கனத்துக்கு ஒன்று. கடப்பாரை மட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரிந்து, முதுகு தேய்ந்து புண்ணாகிவிடுமாம். இந்தப் பக்கம் அரிசி என்றால் அந்தப் பக்கம் கொள்ளு. சுத்தியலுக்கு எதிரே கத்தி. சாய்கிற வேளையில் ஒரு பீடிக்கட்டை எடுத்து அந்தப் பக்கம் போட்டுவிட்டு, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்.

ஒருநாள் பைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இன்னாண்ணா, டம்ளர் ரெண்டு கீது? குதிரையும் டீ குடிக்குமா?"

"எடைக்குடா."

"எடைக்கு ஒரு கல்லைப் போடேன்."

"கல்லைத் தூக்கிகினு மலை ஏறணுமா அது? உபயோகமா ஒண்ணு இருந்துட்டுப் போவுது."

"தட்டும் ரெண்டு. கம்பளியும் ரெண்டு. உனக்கு ஒரு ஒடம்புதானே கீது?"

"எடைக்குடா" என்று மறுபடியும் சொன்னார். டம்ளரை என் கையிலிருந்து வாங்கித் துணியில் துடைத்து உள்ளே வைத்தார். இரண்டும் பித்தளை, கனமானவை, ஒரே ஜோடி. கல்யாணத்தில் வந்ததாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் வாய் சும்மா இருக்குமா?

"அக்காவையும் கூப்ட்டுகினு போறியா?"

கடப்பாரை இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.

ஆமாம், அவருக்கு ஒரு சம்சாரம் இருந்தாள். படப்பையில் தன் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, பஸ் நிற்கிற இடத்தில் வேப்பமரத்தடியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். அவர் மெட்ராஸில் இருந்த காலம் முழுக்க அக்கா வடக்குப்பட்டில் தனியாகத்தான் இருந்தாள். தீபாவளிக்கு வருவார், பொங்கலுக்கு வருவார், போவார். குதிரையோடு அவர் வந்து இறங்கின வாரமே அக்கா படப்பைக்குப் போய்விட்டாள். சண்டை என்று எதுவும் கேட்கவில்லை. சைக்கிள் சாமான் வாங்கப் படப்பைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அங்கேதான் நாஸ்தா. ஒருதரம் அக்காவே சொன்னாள்: "அத்தினி வருஷத்துல என்னை ஒரு நாள் வான்னு கூப்டாத மனுசன், குதிரையைக் கூப்ட்டுகினு வந்து நிக்கிறாரு. எனக்கு இன்னா வேலை அங்க?"

பங்குனி பிறந்ததும் ஒத்திகை பார்க்கிறேன் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கினார். வேடிக்கை பார்க்கலாம் என்று காலையில் சைக்கிளை மிதித்தேன். தண்ணீர் தூரத்தில் தகடு மாதிரி கிடந்தது. குதிரை புல் மேய்ந்துகொண்டிருந்தது. மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார். கம்பளி ஒன்று விரித்துப் படுத்த மாதிரி கசங்கிக் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று விரித்திருந்தது. அது கசங்கவில்லை.

டீயை இரண்டு டம்ளரிலும் ஊற்றி வைத்திருந்தார். ஒன்றில் பாதி குடித்திருந்தது. இன்னொன்றில் ஆடை படிந்திருந்தது.

"நான் வருவேன்னு எப்படிண்ணா தெரியும்?" என்று உட்கார்ந்தேன்.

கொஞ்சம் யோசித்தார். "குடி. ஆறிப்போச்சு, இனிமே யாருக்கு" என்றார்.

அவர் கையால் டீ குடித்தது அன்றைக்குத்தான். ஏரியைப் பார்த்துக்கொண்டே, நான் கேட்காமலே ஒரு விஷயம் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தரம் ஒருத்தரிடம் ஒன்று கேட்டிருக்கிறார். லாயத்தில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. குதிரை வைத்திருந்த பெரிய மனிதரிடம் போய், சம்சாரத்தைக் கூட்டி வரணும், லாயத்துக்குப் பின்னால் ஒரு ரூம் கிடைக்குமா என்று கேட்டாராம்.

"இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. குதிரைகூடப் படுக்கறவனுக்குப் பொண்டாட்டி எதுக்குடான்னாரு. சுத்தி நின்னவங்கோ எல்லாம் சிரிச்சாங்கோ. நானும் சிரிச்சேன்."

"அக்காகிட்ட சொன்னியா?"

"இதைப் போயி எப்படிடா சொல்றது?" என்று டம்ளர்களைக் கழுவ எழுந்து போனார்.

வாயை மூடிக்கொண்டிருக்க என்னை என்ன சாமியாராகவா பெற்றாள் எங்கம்மா? மறுநாளே படப்பைக்குப் போனேன். இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே ரூம் கேட்ட கதை, சிரித்த கதை, எடைக்கு டம்ளர் எடுத்து வைத்த கதை எல்லாவற்றையும் அவர் குரலிலேயே பேசி நடித்துக் காட்டினேன். அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"எனக்கா ரூமு கேட்டாரு?"

"உனக்குத்தான். பின்ன குதிரைக்கா?"

அக்கா இட்லித் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். "இப்ப மலைக்குப் போறாரே, ரெண்டாவது டம்ளர் யாருக்குன்னு சொன்னாரா?"

"எடைக்காம்."

"அப்ப எடைக்குத்தான்" என்றாள். துணியை உதறிக்கொண்டே, "என்னிக்குப் போறாராம்?" என்று கேட்டாள்.

அவர் கிளம்பின விடியற்காலையில் நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். குதிரையின் இரண்டு பக்கமும் சாக்கு மூட்டை. அதன் மேல் லாரிகளில் தொங்குமே, அந்த மாதிரி இரண்டு கித்தான் தண்ணீர்ப் பை, நிறைய நிரப்பி, சொட்டிக்கொண்டு. கூட்டுரோட்டுக்கு வந்தார். மேற்கே திரும்பினால் வாலாஜாபாத், தென்னேரி, மலை. மாதக் கணக்காகப் போட்ட திட்டம். அவர் கிழக்கே திரும்பினார். படப்பை ரோடு.

கடையை அப்படியே போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"அண்ணா, ஜவ்வாது மலையை இந்தப் பக்கம் எப்ப தூக்கி வச்சாங்கோ?"

"குதிரைக்குக் கால் சூடாவணும். கொஞ்ச தூரம் சும்மா நடத்திட்டுத் திரும்பணும்."

படப்பை கொஞ்ச தூரம் இல்லை. போய்த் திரும்பினால் முதல் நாள் நடையில் பாதி போய்விடும். வழி முழுக்கக் கேலி பண்ணிக்கொண்டே வந்தேன். அவர் உதடு மட்டும் அசைந்தது, மனப்பாடம் பண்ணுகிற பையன் மாதிரி.

அக்கா வேப்பமரத்தடியில் இருந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். இட்லி விற்கிற நேரத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. குதிரை நின்றது. அவர் மூட்டைக்குள் கைவிட்டு இரண்டாவது டம்ளரை எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு நீட்டினார்.

"கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

இரண்டு பையிலிருந்தும் தண்ணீர் டொக் டொக்கென்று தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பானையிலிருந்து மொண்டு ஊற்றினாள். அவர் வாங்கிக் குடித்தார். மெதுவாகக் குடித்தார்.

"வெயில் ஏறுதே" என்றாள் அக்கா.

"ஆமா."

"அது தாங்குமா?"

"மலை ஏறிட்டா தாங்கும்."

"நீங்க?"

"எனக்கு இன்னா."

அவ்வளவுதான். அவர் நின்றார், அக்காவும் நின்றாள். இட்லிப் பானை மூடி படபடவென்று ஆடியது. அவர் கேட்டுவிட்டதாக நினைத்தார். அக்கா இனிமேல் கேட்பார் என்று நின்றாள். எனக்கு இரண்டும் புரிந்தது, அதனால் என்ன பிரயோஜனம்? தாம்பரம் பஸ் வந்து நின்று, "யக்கா, நாலு இட்லி, சீக்கிரம்" என்று இரண்டு பேர் இறங்கி ஓடி வந்தார்கள். அக்கா திரும்பி இலையை எடுத்தாள்.

அவள் மறுபடி திரும்பும்போது டம்ளர் பலகையில் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் ரோட்டோரம் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்துப் போட்டார். இன்னொன்றையும் போட்டார். கடைசியில் எலுமிச்சம்பழ அளவில் கறுப்பாக, நடுவில் வெள்ளைக் கோடு ஓடின கல் ஒன்று சரிப்பட்டது. டம்ளர் இருந்த இடத்தில் அதை வைத்து மூட்டையைக் கட்டினார். குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே மேற்கே போனார். நான் கூடப் போகவில்லை. வெறும் டம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பசிக்காத வயிற்றுக்கு இரண்டு இட்லி கேட்டேன்.

கத்திரி வந்தது, போனது. ஊரில் யாரும் அவர் பேச்சை எடுக்கவில்லை. அவர் யாரிடமும் எதுவும் வாங்கினதில்லை, அதனால் யாருக்கும் அவரிடம் எதுவும் பாக்கி இல்லை. புளியமரக் கிளையில் கயிறு மட்டும் தொங்கியது.

ஆடிக் காற்று அடிக்கிற நாளில் புளி ஏற்றின லாரி ஒன்று என் கடை எதிரே நின்றது. ஜவ்வாது மலையிலிருந்து மெட்ராஸ் போகிற லோடு. டிரைவரிடம் சும்மா விசாரித்தேன்.

"குதிரை வச்சிகினு ஒரு ஆளா? ஓடை ஓரத்துல குடிசை போட்டுகினு கீறாரே. டீ குடுத்தாரு. டம்ளர் ஒண்ணே ஒண்ணுதான். நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துகினே நின்னாரு. அப்புறம் அதைக் கழுவி அவரு ஊத்திகினாரு."

"குதிரை எப்படி கீது?"

"வெறகு சொமந்துட்டு வந்துது, தொப்பலா வேர்த்து நின்னுச்சு. இன்னாய்யா இப்படிப் போட்டு வாட்டுறியேன்னு திட்டினேன். அந்தாளு சிரிக்கிறாரு! லூசா அவரு?"

அன்று கடையை மூடிவிட்டு நேரே படப்பை. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முழுக்கச் சொன்னேன். குதிரைக்கு வேர்த்தது என்றதும், "மெய்யாலுமா?" என்று எழுந்துவிட்டாள். "தொப்பலாவா?" என்று மறுபடி கேட்டாள். ஒரே டம்ளர் என்றதும் பாத்திரத்தைக் கழுவ மறுபடி உட்கார்ந்தாள்.

மரத்தில் அடித்திருந்த சின்னப் பலகையில் அந்தப் பித்தளை டம்ளர் பளபளவென்று இருந்தது. யாருக்கும் அதில் தண்ணீர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"அந்த லாரி மறுபடி எப்ப போவும்?" என்றாள்.

"வியாழக்கிழமை. ஏன்க்கா, டம்ளரைக் குடுத்தனுப்பணுமா? குடு, நான் டிரைவராண்ட குடுக்கறேன்."

டம்ளரை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். என் கையில் தரவில்லை.

"இதெல்லாம் இன்னொருத்தர் கையில குடுத்தனுப்புற சாமானாடா?"

வியாழக்கிழமை படப்பையில் இட்லி கிடைக்கவில்லை. அடுத்த வாரமும் கிடைக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்ட மாதிரி கூட்டாளிகளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆவணி பிறந்து ஒருநாள் அந்தப் பக்கம் போனால், வேப்பமரத்தடியில் புகை வருகிறது. அக்கா உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பலகையில் டம்ளர் இல்லை. நறுக்கி வைத்த வாழை இலை அடுக்கின் மேல், எலுமிச்சம்பழ அளவில், நடுவில் வெள்ளைக் கோடு ஓடின கறுப்புக் கல் ஒன்று இருந்தது.

"இருன்னு சொல்லலியாக்கா அவரு?"

அக்கா இட்லியை எடுத்து என் இலையில் வைத்தாள்.

"போவாதன்னு சொல்லல."

"நீ இருக்கட்டுமான்னு கேட்டியா?"

சட்னியை ஊற்றினாள்.

"சரி, கல்லை எதுக்கு அம்மாந்தூரத்துல இருந்து தூக்கிகினு வந்த?"

கல்லை எடுத்து இன்னொரு இலையை உருவினாள். மறுபடி அதை அடுக்கின் மேல் அதே இடத்தில் வைத்தாள்.

"காத்துக்கு எலை பறக்குதுடா. அதுக்குத்தான்" என்றாள்.